யாரைக் கழித்தால் நூறு?

மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவு வந்தாலே எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் சுற்ற ஆரம்பித்துவிடும். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எது எத்தனை சதவீதம் என்று மேலிருந்து கீழே அடுக்கிய பட்டியல். நூறு வாங்கியவை மேலே, பச்சையில். அறுபது எழுபதில் நிற்பவை கீழே, சிவப்பில். குழுவில் ஒருவர் வீட்டுப் பிள்ளைகூட மாநகராட்சிப் பள்ளியில் படிக்கவில்லை. ஆனாலும் கருத்துக்குக் குறைவில்லை. "ஒரே மாநகராட்சி, ஒரே புத்தகம், ஒரே சம்பளம். அங்க நூறு வருது, இங்க அறுபத்தஞ்சுன்னா என்ன அர்த்தம்? இங்க இருக்கறவங்க பாடம் நடத்தலைன்னு அர்த்தம்" என்று எழுதினார் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர். நல்ல மனிதர்தான். கீழ்த்தளத்தில் மழைத் தண்ணீர் புகுந்தால் முதல் ஆளாக இறங்கி மோட்டார் போடுகிறவர். அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருப்பதுபோலத்தான் தெரிகிறது. அதனால்தான் அதைச் சும்மா தள்ளிவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

என் சித்தி மாநகராட்சிப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. அந்தப் பட்டியலின் பச்சையிலும் இருந்திருக்கிறார், சிவப்பிலும் இருந்திருக்கிறார். ரயில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் பெயரெடுத்த ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பல வருடம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தார். அவர் பாடத்தில் நூறு சதவீதம் என்பது வீட்டில் பேச்சுக்கே வராத அளவுக்கு வழக்கமான சங்கதி. அப்புறம் அங்கே தமிழ் வழிப் பிரிவு ஒன்று குறைந்தது, கணக்கில் ஒரு ஆசிரியர் உபரி என்று வந்தது, இருப்பவர்களில் இளையவர் என்று சித்தியைப் பணி நிரவலில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், ஷேர் ஆட்டோவில் போகிற தூரத்தில் உள்ள ஒரு உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். முதல் வருடமே அவர் பாடத்தின் தேர்ச்சி எழுபதுக்குக் கீழே போய்விட்டது. அதே சித்தி. அதே புத்தகம். வீட்டில் உட்கார்ந்து கலர் சாக்பீஸைத் தனியாகப் பொட்டலம் கட்டி எடுத்துப்போகிற அதே பழக்கம். ஆய்வுக் கூட்டத்தில் அவரை எழுப்பி நிற்கவைத்து விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

வங்கி அதிகாரியின் வாதப்படி பார்த்தால், அந்த ஷேர் ஆட்டோ பயணத்தில் எங்கோ சித்தி பாடம் நடத்துவதை மறந்துவிட்டார்.

மாநகராட்சிப் பள்ளி என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது ஒரே வகைச் சரக்கில்லை. பழைய சென்னைக்குள் இருந்த 281 பள்ளிகள் ஒரு பரம்பரை. 2011-இல் நகர எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது திருவொற்றியூர், அம்பத்தூர், சோழிங்கநல்லூர் என்று ஊர்கள் உள்ளே வந்தன, அங்கிருந்த அரசுப் பள்ளிகள் மட்டும் கல்வித் துறையிடமே நின்றன. பத்து வருடத்துக்கு மேல் கழித்துத்தான் அவற்றில் 139 பள்ளிகள் மாநகராட்சியிடம் வந்தன. இன்று 400-க்கும் மேற்பட்ட பள்ளிகள். இதில் ஸ்மார்ட் வகுப்பறையும் புதுக் கட்டடமும் கிடைத்த பள்ளி உண்டு. பிரதான சாலையில் இருப்பதால் நிறுவனங்களின் நன்கொடை தானாக வந்து விழுகிற பள்ளி உண்டு. கால்வாய் ஓரத்தில், எந்த நிறுவனத்தின் கண்ணிலும் படாமல் நிற்கிற பள்ளியும் உண்டு. 2024-இல் பிளஸ் டூ மாநிலத் தேர்ச்சி 94.56 சதவீதம், மாநகராட்சிப் பள்ளிகளுக்கு 87 சொச்சம். இந்த 87-க்குள்தான் நூறும் இருக்கிறது, அறுபதும் இருக்கிறது. வாட்ஸ்அப் பட்டியல் சுவாரசியமாவதே அந்த இடைவெளியால்தான்.

எண்ணிக்கை சிறியதாக இருந்தால் சதவீதம் எப்படி ஆடும் என்பதையும் யாரும் பார்ப்பதில்லை. 24 பிள்ளைகள் தேர்வு எழுதும் பள்ளியில் மூன்று பேர் தவறினால் 87.5. ஒரு பையன் அம்மையோடு வந்து எழுதி, இன்னொருவன் முந்தின இரவு அப்பாவோடு சண்டை போட்டுத் தூங்காமல் வந்து எழுதித் தவறினால் அந்தப் பள்ளி அந்த வருடம் சிவப்பு. 300 பேர் எழுதுகிற பள்ளிக்கு அதெல்லாம் உறைக்கவே உறைக்காது. சரி, அது சின்ன விஷயம். பெரிய விஷயம் வேறு.

முப்பத்தைந்தின் பொறியியல்

சித்தி புதுப் பள்ளியில் என்ன செய்தார் என்று சொன்னால் அவர் பாடம் நடத்தினாரா இல்லையா என்பது புரியும். பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாள் இப்படித்தான் இருக்கும்: ஒரு மதிப்பெண் வினா 14. இரண்டு மதிப்பெண் வினா 10 எழுதினால் 20. ஐந்து மதிப்பெண் வினா 10 எழுதினால் 50. கடைசியில் எட்டு மதிப்பெண்ணில் இரண்டு, ஒன்று வடிவியல் படம், ஒன்று வரைபடம். தேர்ச்சிக்கு 35 வேண்டும். பழைய பள்ளியில் இந்தக் கணக்கைச் சித்தி மேலிருந்து கீழே போட்டுக்கொண்டிருந்தார்: இந்தப் பெண் 96 வாங்குகிறாள், அந்த நான்கு மதிப்பெண் எங்கே போகிறது? புதுப் பள்ளியில் கீழிருந்து மேலே போட வேண்டியதாயிற்று. படமும் வரைபடமும் வந்தால் 16. ஒரு மதிப்பெண்ணில் புத்தகத்தின் பின்னால் இருப்பதை மனப்பாடம் செய்தால் பத்தாவது தேறும். ஆயிற்று 26. சார்பு வினா ஒன்று, கார்ட்டீசியன் பெருக்கல் ஒன்று, இரண்டு இரண்டாக நான்கு. அணிகளில் ஒரு ஐந்து. முப்பத்தைந்து.

இதற்கு மெல்லக் கற்போர் கையேடு, மினிமம் மெட்டீரியல் என்று எல்லாப் பள்ளியிலும் ஒரு ஜெராக்ஸ் கட்டு இருக்கும். சித்தி அதை வாங்கிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். வடிவொத்த முக்கோணம் வரையச் சொன்னால் பையன்கள் சிலருக்குக் கவராயத்தைத் திறந்து அளவு எடுக்கத் தெரியவில்லை. ஸ்கேலில் 5 சென்டிமீட்டரை 1-லிருந்து தொடங்கி அளக்கிறார்கள், அதனால் எல்லாக் கோடும் 4-இல் நிற்கிறது. பத்தாம் வகுப்புக்கு வந்தவனுக்கு ஸ்கேலில் பூஜ்யம் எங்கே என்று சொல்லித்தர வேண்டியிருந்தது. ஜூலை முழுக்க அவர் நடத்தியது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. வகுத்தல், பின்னம், கழித்தலில் கடன் வாங்குவது. பாடத்திட்டம் தேங்கிப்போனது. காலாண்டில் அவர் வகுப்பில் பாதிப் பேர் தேறவில்லை. பக்கத்துப் பிரிவில் நேராக மினிமம் மெட்டீரியலில் இறங்கிய ஆசிரியர் காலாண்டிலேயே கொஞ்சம் மேலே இருந்தார். பாடம் நடத்தாதவர் என்று பார்த்தால், கறாராகச் சொன்னால், அந்த ஆசிரியரைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஆய்வுக் கூட்டத்தில் நிற்கவைக்கப்பட்டது அவர் இல்லை.

இங்கே கொரோனாவையும் சொல்லாமல் விட முடியாது. ஏறக்குறைய இரண்டு வருடம் பள்ளி மூடிக் கிடந்தது எல்லோருக்கும் ஒரே மாதிரி மூடிக் கிடக்கவில்லை. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கத்துப் பெண்களில் பலர் வீட்டில் ஒரு கைப்பேசியாவது இருந்தது. அந்தப் பக்கத்துப் பையன்களில் பலர் மீன் மார்க்கெட்டிலும் மெக்கானிக் கடையிலும் கைக்காசு பார்த்துவிட்டார்கள். பார்த்தவனைத் திரும்ப பெஞ்சில் உட்காரவைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. இல்லம் தேடிக் கல்வி, எண்ணும் எழுத்தும் எல்லாம் வந்தன, பலனும் இருந்தது. ஆனால் எண்ணும் எழுத்தும் சின்ன வகுப்புகளுக்கானது. அப்போது ஆறு, ஏழு படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அதற்குப் பெரியவர்களாகவும் பொதுத்தேர்வு வகுப்புகளுக்குக் கிடைத்த கவனத்துக்குச் சின்னவர்களாகவும் இருந்தார்கள்.

"நீங்களும் வந்துட்டீங்களா மிஸ்?"

அந்தப் பள்ளியில் சேர்ந்த சில நாளில் நடந்ததைச் சித்தி என்னிடம் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை, வருகைப் பதிவேட்டின் பெயர்ப் பட்டியலைப் புது நோட்டில் எழுதிக்கொண்டே. பத்தாம் வகுப்பு பி பிரிவுக்குள் முதல்முறை நுழைகிறார். பிள்ளைகள் எழுந்து நிற்கிறார்கள். மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். சித்திக்கு முகம் தெரிகிறது, பெயர் சட்டென்று வரவில்லை. அவளே கேட்டுவிட்டாள்: "நீங்களும் வந்துட்டீங்களா மிஸ்?"

முந்தைய வருடம் பழைய பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சித்தியிடம் படித்தவள். கணக்கில் இருபதைத் தாண்டாதவள், ஆனால் வகுப்பில் கேள்வி கேட்கிறவள். ஆண்டுத் தேர்வு முடிந்ததும் அவள் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள். இங்கேயே இருந்தால் மறுபடி ஒன்பதாவதுதான். டிசி வாங்கிக்கொள்வதாக இருந்தால் தேர்ச்சி போட்டுக் கொடுத்துவிடுகிறோம், வேறு பள்ளியில் பத்தாவது சேர்த்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்த முடியாது. கட்டாயக் கல்விச் சட்டம் கொடுத்த பாதுகாப்பை 2024-இல் ஒன்றிய அரசு தன் பள்ளிகளில் எடுத்துவிட்டபோதும் தமிழ்நாடு அதை விடவில்லை. ஆனால் ஒன்பதாவதில் அந்தக் குடை மடங்கிவிடுகிறது. வீட்டு வேலைக்குப் போகும் அந்த அம்மாவுக்கு ஒரு வருடம் வீணாகாமல் இருந்தால் போதும். கையெழுத்துப் போட்டு வாங்கிப் போய்விட்டார். யாரும் அவரைத் துரத்தவில்லை, மிரட்டவில்லை. சலுகை செய்ததாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள், அந்த அம்மா உட்பட.

"உனக்கு இது அப்ப தெரியாதா சித்தி?" என்றேன்.

"தெரியும்டா. வருஷா வருஷம் நாலஞ்சு பேர் போவாங்க. எங்க போறாங்கன்னு பார்த்ததில்லை. இப்ப பார்த்துட்டேன்."

அதற்குப் பிறகு சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துப் புரட்டியிருக்கிறார். அந்த வருடம் பத்தாம் வகுப்பில் நேரடியாகச் சேர்ந்தவர்களின் வரிசை. முந்தைய பள்ளி என்ற கட்டத்தில் சுற்றுவட்டாரத்தின் பெயரெடுத்த பள்ளிகளெல்லாம் இருந்தன. மாநகராட்சிப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி, இரண்டு மெட்ரிக் பள்ளிகள். மெட்ரிக்கிலிருந்து வந்தவர்களில் பாதி கட்டணம் கட்ட முடியாமல் வந்தவர்கள், மீதி மதிப்பெண்ணுக்காக அனுப்பப்பட்டவர்கள். எல்லோரும் ஜூன் மாதம், பதினைந்து நாள் இடைவெளிக்குள். சேர்க்கமாட்டேன் என்று சொல்ல இந்தப் பள்ளியின் தலைமையாசிரியருக்கு மனசு வரவில்லை. சொல்லியிருந்தால் அவர் சதவீதம் ஏறியிருக்கும்.

சதவீதக் கணக்கின் சூட்சுமம் வகுக்கிற எண்ணில் இருக்கிறது. ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்: ஒரு பள்ளியில் ஒன்பதாவதில் நூறு பேர். பன்னிரண்டு பேர் டிசி வாங்கிப் போகிறார்கள். 88 பேர் எழுதி 88 பேரும் தேறுகிறார்கள். நூறு சதவீதம், பச்சை. அடுத்த பள்ளியில் 60 பேர். அந்தப் பன்னிரண்டில் ஆறு பேர் இங்கே வருகிறார்கள். 66 பேர் எழுதி 52 பேர் தேறினால் 79-கூட இல்லை, சிவப்பு. மீதி ஆறு பேர் எங்கே? கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண் கொடுத்துப் பதிந்துவைக்கிற எமிஸ் இணையதளத்தில் காமன் பூல் என்று ஒன்று உண்டு. ஒரு பள்ளியிலிருந்து நீக்கப்பட்டு இன்னொரு பள்ளி எடுத்துக்கொள்ளாத பிள்ளைகளின் எண்கள் அதில் கிடக்கும். எந்தப் பள்ளியின் சதவீதத்திலும் அவர்கள் இல்லை.

தேர்வு நாளிலும் இதே கதைதான். எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதுதான் கணக்கு. ஒரு தேர்வுக்கும் வராதவன் வகுக்கிற எண்ணிலேயே இல்லை. 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்கு 50,000-க்கும் மேற்பட்டோர் வரவில்லை என்று செய்தி வந்து பெரிய பேச்சானது நினைவிருக்கும். அந்த வருடமும் மாநிலத் தேர்ச்சி 94.03 என்றுதான் அறிவித்தார்கள். இரண்டு செய்தியும் வந்தன, இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசியவர்கள் குறைவு.

இப்போது சித்தி செய்த காரியத்தைப் பாருங்கள். பிப்ரவரியில் நீண்ட நாள் வராத பிள்ளைகளைத் தேடி அவரும் தமிழ் ஐயாவும் சாயங்காலம் வீடு வீடாகப் போனார்கள். கேட்டரிங் வேலைக்குப் போன பையனைப் பிடித்தார்கள். தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே நின்றுவிட்ட பெண்ணின் பாட்டியிடம் பேசினார்கள். செய்முறைத் தேர்வுக்கு வா, ஹால் டிக்கெட் நான் வைத்திருக்கிறேன், எழுது, வருவது வரட்டும் என்று கூட்டிவந்து உட்காரவைத்தார்கள். அப்படி வந்தவர்களில் சிலர் தேறினார்கள். பலர் தேறவில்லை. அந்தப் பலர்தான் சித்தியின் சதவீதத்தை எழுபதுக்குக் கீழே தள்ளினார்கள். வீட்டில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் எழுபத்தைந்தைத் தாண்டியிருப்பார்.

யாருடைய பள்ளி

மாநகராட்சிப் பள்ளிகள் எதற்கு வந்தன என்று யோசித்தால் இந்த வேடிக்கை இன்னும் உறைக்கும். 1920-இல் நீதிக்கட்சியின் தியாகராய செட்டியார் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைக்கு ஓரணா கணக்கில் மதிய உணவு போட்டார்கள். சோறில்லாததால் வராத பிள்ளையை வரவைக்கத்தான். 2022-இல் காலை உணவு வந்ததும் அதே வழியில்தான். நூறு வருடமாக, வராத பிள்ளையை எப்படியாவது உள்ளே கொண்டுவருவதுதான் இந்தப் பள்ளிகளின் வேலை. மே மாதத்தில் மட்டும் யாரை வெளியே விட்டாய் என்பதற்குப் பரிசு, சால்வை, கேடயம்.

நகரமும் தன் பங்குக்குக் கழிக்கிறது. சித்தியின் வகுப்பில் கால்வாய்க் கரையிலிருந்து வருகிற பிள்ளைகள் உண்டு. நடுவில் ஒரு நாள் "வீடு குடுத்துட்டாங்க மிஸ், பெரும்பாக்கத்துல" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கரையோரக் குடிசைகளை எடுத்துவிட்டு அரசு தெற்கே தூரத்தில் அடுக்குமாடி வீடு கொடுக்கிறது: முன்பு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, இப்போது பெரும்பாக்கம். கான்கிரீட் வீடு வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் வட சென்னையிலிருந்து பெரும்பாக்கம் போய் அரையாண்டுக்கு நடுவில் புதுப் பள்ளியில் சேர்வதும், அல்லது பழைய பள்ளியை விடமாட்டேன் என்று விடிகாலையில் இரண்டு பஸ் மாறி வருவதும் பதினைந்து வயதுப் பிள்ளையின் மதிப்பெண்ணில் ஏறாமல் இருக்காது. அப்படி இரண்டு பஸ் மாறி வந்த ஒரு பையன் முதல் பாடவேளை முழுக்கத் தூங்குவான். முதல் பாடவேளை கணக்கு. சித்தி எழுப்பமாட்டார், அவனுக்கான கணக்கை மதிய இடைவேளையில் நடத்துவார்.

எங்கள் குடியிருப்பில் எல்லோரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டும் சொத்து வரியில் கல்வி வரியும் சேர்ந்தே இருக்கிறது. ஆக இந்தப் பள்ளிகள் ஒரு வகையில் எங்கள் காசில் ஓடுகிற பள்ளிகள்தான், கேள்வி கேட்கிற உரிமை வங்கி அதிகாரிக்கு நிச்சயம் உண்டு. ஆனால் கொஞ்சம் வசதி உள்ளவர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளையை மெட்ரிக்குக்கும் சிபிஎஸ்இ-க்கும் எடுத்துப் போய்விட்டோம். வசதி இல்லாதவர்களிலும் விவரம் தெரிந்த பெற்றோர் தனியார் பள்ளிகளின் இருபத்தைந்து சதவீத ஒதுக்கீட்டில் எல்கேஜிக்கே விண்ணப்பம் போட்டுவிடுகிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. மிச்சம் இருப்பவர்களில் துடியான பெண்களைப் பெயரெடுத்த மாநகராட்சிப் பள்ளி வடிகட்டி எடுத்துக்கொள்கிறது. அதற்கும் கீழே வடிவது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வருகிறது. ஒவ்வொரு வடிகட்டியும் தனக்கு மேலே உள்ளதைக் குறை சொல்வதில்லை, கீழே உள்ளதைத்தான் சொல்கிறது.

இதைச் சொல்வதால் கீழே இருக்கும் பள்ளிகளெல்லாம் குறையற்றவை என்று நான் வாதாட வரவில்லை. பள்ளிக்குப் பள்ளி வித்தியாசம் உண்மையிலேயே உண்டு. சித்தியின் பழைய தலைமையாசிரியை காலை எட்டு மணிக்கு வாசலில் நிற்பார், ஆய்வகத்தைப் பூட்டிவைக்க விடமாட்டார், முன்னாள் மாணவிகளைத் தேடிப்பிடித்து புரொஜெக்டர் வாங்கினார். அந்தப் பள்ளியின் நூறில் அவர் உழைப்பு நிறைய இருக்கிறது. புதுப் பள்ளியில் செல்போனோடு உட்கார்ந்திருக்கிற ஆசிரியர் இல்லையா என்றால் இருக்கிறார். ஆனால் இந்தப் பட்டியலை வைத்து அவரைக் கண்டுபிடிக்க முடியாது. பட்டியலில் அவரும் சித்தியும் ஒரே சிவப்பில் இருக்கிறார்கள்.

நான் யோசித்துவைத்திருந்த தீர்வு ஒன்று உண்டு. 2017-இல் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தினார்களே, அதேபோலப் பள்ளிவாரித் தேர்ச்சிச் சதவீதத்தையும் நிறுத்திவிட வேண்டும். ரேங்க் போனதால் வானம் இடிந்து விழுந்துவிடவில்லை. முதல் பக்கத்தில் ஸ்வீட் ஊட்டுகிற படம் போனது, அவ்வளவுதான். இதைச் சித்தியிடம் சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தால் சீறி விழுந்தார்.

"நிறுத்திட்டா? அப்புறம் எங்க ஸ்கூல் பக்கம் எவன் வருவான்? அறுபத்தெட்டுன்னு சிவப்புல போட்டதாலதான்டா அதிகாரி வந்தாரு. வந்ததாலதான் சயின்ஸுக்கு ஆள் இல்லைன்னு நேர்ல சொல்ல முடிஞ்சுது."

அறிவியல் பணியிடம் அந்த வருடத்தில் பாதி நாளுக்கு மேல் காலியாகக் கிடந்தது. பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தொகுப்பூதியத்தில் ஒருவரைப் போட்டார்கள், அவர் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்க நின்றுவிட்டார். இடமாறுதல் கலந்தாய்வு நடந்தால் மூத்த ஆசிரியர்கள் வீட்டுக்குப் பக்கத்தில், பெயரெடுத்த பள்ளியாகப் பார்த்து எடுத்துக்கொள்கிறார்கள். கஷ்டமான பள்ளிக்குக் கடைசியில் மிஞ்சுகிறவரோ புதிதாக வேலைக்கு வந்தவரோ வருகிறார், அல்லது யாரும் வருவதில்லை. சிவப்பு எண் என்பது இதைக் கேட்பதற்குச் சித்தியிடம் இருக்கிற ஒரே மனு. அதைப் பிடுங்கிவிட்டால் அந்தப் பள்ளிகள் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும் என்பது அவர் பயம். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான்.

அவர் கேட்பது எண்ணை நிறுத்த இல்லை, இன்னொரு எண்ணையும் பக்கத்தில் போடச் சொல்லி. ஒன்பதாம் வகுப்பில் ஜூன் மாதம் பதிவேட்டில் இருந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த வருடம், எந்தப் பள்ளியிலிருந்தாவது, பத்தாவது தேறினார்கள்? புதிதாக ஆய்வு எதுவும் வேண்டாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் எண் இருக்கிறது, எங்கிருந்து எங்கே போனது என்பதும் அதிலேயே இருக்கிறது. அந்தப் பட்டியல் வந்தால் டிசி கொடுத்து அனுப்பிய பிள்ளையும் அனுப்பிய பள்ளியின் கணக்கிலேயே நிற்கும். பச்சையில் சில இடம் வெளுக்கும். "முதல் வருஷம் எங்க பழைய ஸ்கூல்லயே சண்டை வரும்" என்று சித்தி சிரித்தார். அதோடு இன்னொன்றும் சொன்னார்: ஆறாம் வகுப்பில் சேரும்போது வகுத்தல் தெரியாமல் வந்தவன் எட்டாவது முடிக்கும்போது தெரிந்துகொண்டானா என்பதையும் யாராவது வந்து பாருங்கள். அதைப் பார்க்க பொதுத்தேர்வு வேண்டாம், ஒரு சாக்பீஸ் போதும்.

மூன்றாவது பெஞ்சுப் பெண் மார்ச் மாதம் எல்லாத் தேர்வும் எழுதினாள். கணக்கில் 41. படம் எட்டுக்கு எட்டு. அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75-க்கு 20 வேண்டும், 17-தான் வந்தது. அதனால் பள்ளியின் தேறாதோர் பட்டியலில் அவளும் ஒருத்தி. ஜூலையில் துணைத் தேர்வு எழுதித் தேறிவிட்டாள், அதே வருடம் பதினோராம் வகுப்பில் வணிகவியலும் சேர்ந்துவிட்டாள். மே மாதத்துச் சிவப்புப் பட்டியலில் இதனால் எதுவும் மாறவில்லை; துணைத் தேர்வில் தேறியவர்களைச் சேர்த்து யாரும் அதைத் திருத்திப் போடுவதில்லை. பழைய பள்ளி அந்த வருடமும் நூறு.

அறிவியலுக்கு இப்போது நிரந்தர ஆசிரியர் வந்திருக்கிறார் என்றார் சித்தி, போன வாரம் பேசியபோது. நன்றாக நடத்துகிறாராம், பிள்ளைகளுக்கும் பிடித்திருக்கிறது. தாம்பரத்திலிருந்து வருகிறார். போக வர மூன்று மணி நேரம். அடுத்த கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாராம்.